பயறு, உழுந்து, கச்சான்: வேர்ச்சிறுகணுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் பயறும் உழுந்தும் கௌபியும் கச்சானும் போடுகிறவர்களிடமிருந்தும், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடமிருந்தும் பல ஆண்டுகளாக ஒரே ஐயங்களைத்தான் கேட்டு வருகிறேன். 2021 ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அவரையினப் பயிர்கள் தமக்குத் தாமே பசளை செய்கின்றன என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. அதோடு கேள்விகளும் பெருகின. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பாடநூலில் வேர்ச்சிறுகணு என்று வருவதைத் தோட்டத்தில் முடிச்சு என்று சொல்வார்கள், இரண்டும் ஒன்றே.

பயத்தஞ்செடியைப் பிடுங்கினால் வேரில குறுணி குறுணியாய் முடிச்சு இருக்கு. இது நோயோ, நல்லதோ?

இரண்டும் இருக்கலாம், பிரித்தறிவது எளிது. பற்றீரியா வாழும் சிறுகணு, வேரின் பக்கத்தில் ஒரு மணியை ஒட்டி வைத்ததுபோல் இருக்கும். விரலால் தேய்த்தால் கழன்று விழும். வட்டப்புழு உண்டாக்கும் வீக்கம் அப்படியல்ல. அங்கே வேரே பருத்திருக்கும். தேய்த்தால் கழலாது, வேர்தான் முறியும். கத்தரியோ தக்காளியோ முன்பு நின்ற தறையில் ஒரே வேரில் இரண்டையும் காணலாம்.

சிறுகணுவை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் அது வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றாதது அல்லது வேலை செய்யாதது. பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் காலம் முடிந்தது. செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். எனவே பூக்கத் தொடங்கும் பருவத்தில், மண்வெட்டியால் மண்ணோடு கிளப்பி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்ப்பதே சரியான வழி. முடிச்சே இல்லை என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட செடிகளில் பல, இழுத்துப் பிடுங்கப்பட்டவை.

காற்றில நைதரசன் நிறைய இருக்கெண்டு படிக்கிறம். செடி அதை நேரடியாய் எடுத்தால் என்ன?

காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைதரசன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியம் எந்தத் தாவரத்திடமும் இல்லை. யூரியாத் தொழிற்சாலைகளில் இதே வேலைக்கு மிகுந்த வெப்பமும் வளிமண்டல அமுக்கத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கமும் தேவைப்படுகின்றன. சில பற்றீரியாக்களோ நைதரசனேசு என்ற நொதியத்தைக் கொண்டு மண்ணின் சாதாரண வெப்பநிலையிலேயே இதைச் செய்துவிடுகின்றன.

அவரையினப் பயிர்கள் இந்தப் பற்றீரியாக்களின் உதவியால் காற்றின் நைதரசனைப் பெறுகின்றன என்பதை ஜேர்மனியில் ஹெல்றீகலும் வில்ஃபார்த்தும் 1880களின் பிற்பகுதியில் நிறுவினார்கள். 1888 இல் ஒல்லாந்தரான பைரிங்க் அந்தப் பற்றீரியாவைச் சிறுகணுவிலிருந்து தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அதையே பொதுவாக றைசோபியம் என்கிறோம். நம் பயறு, கௌபி, கச்சான் ஆகியவற்றில் பெரும்பாலும் குடியிருப்பது அதன் உறவான பிரடிறைசோபியம்.

கிருமி வேருக்குள்ள போகுதெண்டால் செடி மறிக்காதோ?

மறிக்கும். மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வேரைச் சுற்றி இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இடமில்லை. எனவே முதலில் அடையாளம் பார்க்கப்படுகிறது. நைதரசன் போதாத செடியின் வேர் பிளேவனொயிட்டு என்ற வகைப் பொருள்களை மண்ணுக்குள் கசியவிடுகிறது. பொருத்தமான பற்றீரியா அதை உணர்ந்து, சர்க்கரைச் சங்கிலியில் கொழுப்பு வால் ஒட்டிய ஒரு மூலக்கூறை விடையாக அனுப்புகிறது. அதற்குச் சிறுகணுக் காரணி என்று பெயர். அந்தச் சங்கிலியின் நீளமும் அதில் தொங்கும் சிறு கூட்டங்களும் பற்றீரியா இனத்துக்கு இனம் வேறுபடும். வேர்மயிரின் மேற்பரப்பிலுள்ள வாங்கிப் புரதங்கள் அவற்றைச் சோதித்துப் பார்க்கின்றன.

பொருந்தினால் வேர்மயிர்க் கலத்தின் கருவில் கல்சியத்தின் அளவு அலைபோல ஏறியிறங்கத் தொடங்கும். வேர்மயிர் சுருண்டு பற்றீரியாவை வளைத்துப் பிடிக்கும். செடியே கட்டிக்கொடுக்கும் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பற்றீரியா உள்ளே செல்லும். அது சென்று சேருமுன்பே உள்ளே கலங்கள் பிரிந்து சிறுகணுவுக்கு இடம் தயாராகிக்கொண்டிருக்கும். கச்சானின் வழி வேறு. அதில் பக்கவேர்கள் தாய்வேரைப் பிளந்துகொண்டு வெளிவரும் இடத்திலுள்ள வெடிப்புகள் வழியாகப் பற்றீரியா நுழைகிறது. கச்சானின் சிறுகணுக்கள் பக்கவேர்களின் அடியிலேயே இருப்பது அதனால்தான். எந்த வழியானாலும் கதவைத் திறப்பது செடிதான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல விடைகளுக்கு அதுவே அடிப்படை.

முடிச்சை வெட்டினால் உள்ளுக்கு இரத்தம் மாதிரிச் சிவப்பு. செடிக்குள்ள இரத்தமோ?

இரத்தத்தின் உறவுதான். நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினைப்போல ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும் லெக்ஈமோகுளோபின் என்ற புரதம் அங்கே செறிந்திருக்கிறது. இதன் தேவை ஒரு முரண்பாட்டிலிருந்து எழுகிறது. நைதரசனேசு நொதியத்தில் ஒட்சிசன் பட்டால் அது கெட்டுவிடும். ஆனால் ஒரு நைதரசன் மூலக்கூறை அமோனியாவாக்கக் கலத்துக்குள் சத்தியைச் சுமக்கும் ஏ.ரி.பி மூலக்கூறுகள் குறைந்தது 16 செலவாகின்றன. அந்தச் சத்தியைப் பெறப் பற்றீரியா சுவாசித்தாக வேண்டும். அதற்கு ஒட்சிசன் வேண்டும்.

செடி இதை இரண்டு விதமாகச் சமாளிக்கிறது. சிறுகணுவின் புறப்பகுதியில் வாயு எளிதில் ஊடுருவ முடியாத ஒரு கலப்படையை வைத்திருக்கிறது. அதன் வழியே எவ்வளவு ஒட்சிசன் போகலாம் என்பதைக் கூட்டவும் குறைக்கவும் அதனால் முடியும். உள்ளே லெக்ஈமோகுளோபின், சுதந்திரமான ஒட்சிசன் எங்கும் தேங்காதபடி அதைப் பிடித்து, பற்றீரியாவுக்கு வேண்டிய வேகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஆகவே ஒட்சிசன் என்ற அடைப்பான் செடியின் கையில் இருக்கிறது. செடி அதை எப்போது மூடுகிறது என்பது கீழே வேறொரு கேள்வியில் வரும்.

முடிச்சு கூடக் கூட நல்லதுதானே? ஏன் மேல்வேரில திரண்டிருக்கு, கீழ ஒண்டும் இல்லை?

மிகுதியானோர் கேட்பதும், நான் மிகவும் விரும்பி விடை சொல்வதும் இந்தக் கேள்விதான். முடிச்சு கூடக் கூட நல்லது என்பது சரியல்ல. பற்றீரியா நைதரசனைச் சும்மா தருவதில்லை. இலை வெயிலில் செய்யும் சர்க்கரை, அதைக் கடத்தும் இழையமான உரியத்தின் வழியாக இறங்கி, சேதன அமிலங்களாக மாற்றப்பட்டு, பற்றீரியாவுக்கு உணவாகிறது. ஒரு கிராம் நைதரசனைப் பெறச் செடி பல கிராம் காபனைக் கொடுக்கிறது. அந்தக் காபன்தான் வேராகவும் இலையாகவும் காயாகவும் வந்திருக்க வேண்டியது. தேவைக்கு மேல் சிறுகணு வைத்த செடி, வருமானத்துக்கு மேல் கூலியாள் பிடித்த தோட்டக்காரனின் நிலைக்குப் போய்விடும்.

அதனால் செடி எண்ணிக்கை பார்க்கிறது. முதலில் முளைத்த வேர்ப்பகுதியில் முதற் சிறுகணுக்கள் உருவாகத் தொடங்கியவுடன், அவை முற்றுவதற்கும் நைதரசன் தருவதற்கும் முன்பே, பின்னால் வளரும் வேர்களில் புதியவை உருவாவது தடுக்கப்படுகிறது. நீங்கள் பார்த்த தோற்றம், அதாவது தாய்வேரின் மேற்பகுதியில் திரள்வதும் கீழே குறைவதும், இந்தத் தடையின் விளைவுதான். 1980களில் சோயாச் செடியின் வேரை இரண்டாகப் பிரித்து இரண்டு சாடிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு சாடிக்கு மட்டும் பற்றீரியாவை முதலில் ஊற்றி, சில நாள் கழித்து மற்றதற்கும் ஊற்றியபோது, இரண்டாவது சாடியின் வேரில் சிறுகணுக்கள் மிகக் குறைவாகவே வந்தன. இரண்டு வேர்களும் ஒன்றையொன்று தொடவில்லை. அவற்றை இணைத்தது மேலே இருந்த தண்டும் இலையும் மாத்திரமே.

இந்தக் கட்டுப்பாட்டை இழந்த செடிகளும் உண்டு. அவுஸ்திரேலியாவில் பீற்றர் கிறெஸ்ஹொவ்வின் ஆய்வுக்குழு 1985 இல் அறிவித்த சோயா விகாரிகளில், அதாவது பரம்பரையலகு மாறிப்போன செடிகளில், வேர் முழுவதும் கொத்துக் கொத்தாக, இயல்பைவிடப் பல மடங்கு சிறுகணுக்கள் வந்தன. நைதரசன் நிறைந்து செழித்து வளரும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். உண்மையில் அவை குட்டையாகி, வேர் சுருங்கி, விளைச்சலிலும் பின்தங்கின.

அப்ப எண்ணிக்கை பாக்கிறது வேரோ, இலையோ? அதை எப்பிடிக் கண்டுபிடிச்சவை?

இலை. கண்டுபிடித்த முறை யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளங்கும், ஏனென்றால் அது ஒட்டுமாங்கன்று கட்டும் முறைதான். மேலே சொன்ன விகாரியின் தண்டை இயல்பான சோயாவின் வேரில் ஒட்டினார்கள். இயல்பான தண்டை விகாரியின் வேரில் ஒட்டினார்கள். விகாரியின் தண்டு மேலே இருந்தபோதெல்லாம், வேர் எதுவானாலும் சிறுகணுக்கள் அளவின்றி வந்தன. தண்டு இயல்பானதாக இருந்தபோது வேர் அடங்கி நின்றது. பிழை இருந்தது மேலேதான்.

பிறகு அந்தப் பிழையின் இடத்தையும் கண்டார்கள். பற்றீரியா நுழைந்த வேர், ஒரு சில அமினோ அமிலங்களால் ஆன மிகச் சிறிய புரதத் துண்டுகளைச் செய்து, நீர் ஏறும் காழ் வழியாக மேலே அனுப்புகிறது. இலையில் அவற்றை வாங்கும் புரதம் ஒன்று இருக்கிறது. 2002 இலும் 2003 இலும் அதற்குரிய பரம்பரையலகு வெவ்வேறு அவரையினச் செடிகளில் அடையாளம் காணப்பட்டது. விகாரிகளில் கெட்டிருந்தது அதுவே. தளிரின் நுனி எவ்வளவு பருக்க வேண்டும் என்பதை மற்றத் தாவரங்களில் கட்டுப்படுத்தும் புரதத்துக்கு அது நெருங்கிய உறவு. அளவு பார்க்கும் ஒரு பழைய கருவியை அவரைக் குடும்பம் புதிய வேலைக்கு எடுத்திருக்கிறது.

இலையிலிருந்து வேருக்கு வரும் பதில் என்ன என்பதற்கு 2018 இல் லோற்றசு என்ற சிறு அவரையினச் செடியில் விடை கிடைத்தது. பற்றீரியா வராத காலத்தில் இலை ஒரு நுண்ணிய ஆர்.என்.ஏ துண்டை உரியம் வழியாக இடைவிடாமல் வேருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வேரில் சிறுகணுவைத் தடுக்கும் ஒரு புரதம் உருவாகாமல் அந்தத் துண்டு பார்த்துக்கொள்கிறது. அதாவது இலையின் அனுமதி எப்போதும் வந்துகொண்டிருக்கிறது. வேரிலிருந்து செய்தி ஏறியதும் இலை அந்த அனுமதியைக் குறைக்கிறது; தடுக்கும் புரதம் பெருகுகிறது; புதிய சிறுகணுக்கள் நின்றுவிடுகின்றன.

பயறுக்கு யூரியா போட்டனான். செடி நல்ல பச்சை, முடிச்சே இல்லை. யூரியா கிருமியைக் கொண்டுபோட்டுதோ?

கொல்லவில்லை. கதவைத் திறப்பது செடி என்று மேலே எழுதியிருக்கிறேன்; இங்கே நடந்தது, செடி கதவைத் திறக்கவில்லை. யூரியா மண்ணில் சில நாள்களில் அமோனியமாகவும், பின்பு நைத்திரேற்றாகவும் மாறுகிறது. நைத்திரேற்றை வேரால் நேரடியாக உறிஞ்ச முடியும். அதற்கான செலவு சிறுகணு வளர்க்கும் செலவைவிடக் குறைவு. கையருகே மலிவாகக் கிடைக்கும்போது செடி விலை கூடியதை வாங்காது.

நைத்திரேற்று பல படிகளிலும் தடையாகிறது. வேர்மயிர் சுருள்வது குறைகிறது. இலைக்கு ஏறும் புரதத் துண்டுகள் நைத்திரேற்றாலும் தூண்டப்படுகின்றன. ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த சிறுகணுக்களும் சில நாள்களில் தளர்ந்துவிடுகின்றன. அளவின்றிச் சிறுகணு வைத்த சோயா விகாரிகளை நைத்திரேற்று கலந்த நிலையில் தேடித்தான் கண்டுபிடித்தார்கள் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். எண்ணிக்கையை அறியும் புலன் கெட்ட செடிக்கு நைத்திரேற்றின் தடையும் பெரும்பாலும் விளங்காமற் போகிறது. இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே பாதையில் சந்திக்கின்றன. வேலை செய்யும் சிறுகணு நிறுத்தப்படும் விதம் பற்றி 2024 இல் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு வந்தது. நைத்திரேற்று கூடும்போது சிறுகணுவிலுள்ள நாகம் (சிங்க்) என்ற உலோகத்தின் அளவு குறைகிறது. அதுவரை இழைபோலக் கோத்துச் செயலின்றிக் கிடந்த ஒரு புரதம் பிரிந்து செயற்பட்டு, சிறுகணுவை மூடும் பரம்பரையலகுகளை இயக்குகிறது.

மண் மிகவும் வறியதாக இருந்தால், சிறுகணு வேலை தொடங்கும்வரையான முதல் இரண்டு மூன்று வாரங்களைத் தாண்டச் சிறிதளவு நைதரசன் அடிப்பசளையாக உதவக்கூடும். அதற்கு மேல் போடுகிற யூரியா, செடி தானே செய்யக்கூடியதைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுப்பதாகும்.

நான் யூரியா தொடவே இல்லை. வெங்காயம் கிண்டின தறையில பயறு போட்டன். அப்பிடியும் முடிச்சு அருமை. ஏன்?

தறைக்குள் முன்பு போட்டது இன்னும் இருக்கிறது, கிணற்றுக்குள்ளும் இருக்கிறது. வெங்காயத்தின் வேர் ஆழம் போகாது. அதற்கு இட்ட பசளையிலும் எருவிலும் ஒரு பங்கு மண்ணில் தங்கிவிடும். ஒரு பங்கு மாரி மழையோடும் இறைப்பு நீரோடும் கீழே இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக நிலத்தடி நீரைச் சேரும். வலிகாமத்தில் செறிவாகத் தோட்டம் செய்யும் பகுதிகளில் பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவது தெரிந்த விடயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்றால் அதில் நைதரசன் ஏறத்தாழ 11 மில்லிகிராம். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு முறை ஓர் அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் சுமார் 6,400 லீற்றர் போகும். அதில் 70 கிராம் நைதரசன் இருக்கும். பத்து முறை இறைத்தால் 700 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால், அது பரப்புக்கு ஒன்றரைக் கிலோ யூரியா போட்டதற்குச் சமம். இந்த நீர் மட்டுமே சிறுகணுவை முற்றாக நிறுத்திவிடாது. ஆனால் வெங்காயத் தறையில் எஞ்சியிருப்பதோடு சேரும்போது செடிக்கு அவசரம் இல்லாமற் போகிறது. உங்கள் பயறு நோயுற்றதல்ல. மண்ணில் கிடப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறது. நிலத்தடி நீருக்கு இறங்கவிருந்த நைத்திரேற்றில் ஒரு பங்கை அது மேலே பிடித்து வைத்திருக்கிறது என்பதை நான் நன்மையாகவே கருதுகிறேன். நம் பிள்ளைகள் குடிப்பதும் அந்த நீரைத்தான்.

உள்ளுக்கு வந்த கிருமி சாப்பிட்டுப்போட்டு வேலை செய்யாமல் இருந்தால்?

அப்படிப்பட்ட பற்றீரியாக்கள் மண்ணில் உண்டு. கதவடியில் நடக்கும் சோதனை சிறுகணுக் காரணியைத்தான் பார்க்கிறது. உள்ளே வந்தபின் உழைக்குமா என்பதை அது அறியாது. எனவே செடி இரண்டாவது முறையும் பார்க்கிறது. 2003 இல் ரோபி கீர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் சோயாச் சிறுகணுக்களைச் சூழ்ந்த காற்றில் நைதரசனுக்குப் பதிலாக ஆர்கனை நிரப்பினார்கள். பற்றீரியா நல்லதுதான், ஆனால் பிடிக்க நைதரசன் இல்லாததால் ஒன்றும் கொடுக்க முடியவில்லை. அப்படிப்பட்ட சிறுகணுக்களில் பற்றீரியாவின் பெருக்கம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. செடி அவற்றுக்குப் போகும் ஒட்சிசனைக் குறைத்ததற்கான அறிகுறியும் தெரிந்தது. சிவப்பு நிறம் பற்றிய விடையில் சொன்ன அடைப்பான் இதற்கும் பயன்படுகிறது.

ஒரு சிறுகணுவில் பெரும்பாலும் ஒரே வம்சத்துப் பற்றீரியாக்களே இருப்பதால், சிறுகணு சிறுகணுவாகக் கணக்குப் பார்ப்பது செடிக்கு இயலுகிறது. பட்டாணியின் உறவுகளான சில செடிகள் இன்னும் கடுமையானவை. அவை நூற்றுக்கணக்கான சிறு புரதங்களைப் பற்றீரியாவுக்குள் செலுத்தி, அது பருத்து, நைதரசன் செய்யுமே தவிர இனி ஒருபோதும் பெருகாத நிலைக்கு அதைக் கொண்டுவருகின்றன. பயறிலும் கௌபியிலும் அந்த முறை இல்லை; அவற்றின் சிறுகணு அழுகும்போது உள்ளிருந்த பற்றீரியாக்களில் பல உயிரோடு மண்ணுக்குத் திரும்பி, அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். ஒரு பற்றீரியாவாக நுழைந்தது இலட்சக்கணக்காக வெளியே வருவதுதான் அதற்குக் கிடைக்கும் கூலி.

கச்சான் இலை மஞ்சளாய் வருது. முடிச்சு வேலை செய்யேல்லையோ?

முதலில் எந்த இலை என்று பாருங்கள். நைதரசன் போதாவிட்டால் அடியிலுள்ள முதிய இலைகள் முதலில் வெளுக்கும், ஏனென்றால் செடி அவற்றிலிருந்து நைதரசனை எடுத்துத் தளிருக்குக் கொடுக்கும். தளிரிலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைபாடு. நம் செம்மண்ணின் நிறமே இரும்பினால் வந்தது; ஆனாலும் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் காரத்தன்மையான மண்ணில் இரும்பு கரையாமல் பூட்டப்பட்டிருக்கிறது. கச்சான் இதற்கு மிகவும் இளகிய பயிர்.

இரண்டும் தொடர்புடையவை என்பதுதான் கவனிக்க வேண்டியது. லெக்ஈமோகுளோபினிலும் இரும்பு, நைதரசனேசிலும் இரும்பு. எனவே இரும்பு கிடைக்காத கச்சானில் சிறுகணுக்கள் சரியாக வளராமல், பின்பு நைதரசனும் குறைந்துவிடலாம். அதற்கு யூரியா மருந்தல்ல. கரையும் இரும்பை இலையில் தெளிப்பது பலன் தரும். அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். பொசுபரசு குறைந்தாலும் சிறுகணு தளரும், மண் நீரின்றிக் காய்ந்தாலும் தளரும்.

பக்கற்றில விக்கிற பற்றீரியாவை வாங்கி விதையில கலக்கட்டோ?

பயறு, உழுந்து, கௌபி, கச்சான் ஆகியவை பலவகைப் பிரடிறைசோபியங்களை ஏற்றுக்கொள்ளும் பயிர்கள். காலங்காலமாக அவை வளர்ந்த மண்ணில் பொருத்தமான பற்றீரியா ஏற்கெனவே இருக்கும். சோயாவின் நிலை வேறு. அது முன்பு விதைக்கப்படாத நிலத்தில் அதற்குரிய பற்றீரியாவை விதையோடு கொடுப்பது அவசியமாகலாம். நைத்திரேற்று மிகுந்த தறையில் எந்தப் பக்கற்றும் முடிச்சைக் கொண்டுவராது. காரணத்தை யூரியா பற்றிய விடையில் காண்க. வாங்கினால் அது உங்கள் பயிருக்குரியதுதானா, காலாவதித் திகதி எது என்று பாருங்கள். நிழலில் கலந்து உடனே விதையுங்கள். பூஞ்சணக் கொல்லி பூசிய விதையோடு அதைச் சேர்க்காதீர்கள்.

புளியும் கொன்றையும் அவரைக் குடும்பம் எண்டு படிச்சனாங்கள். அதிலயும் முடிச்சு இருக்குமோ? பூவரசங்குழை தாழ்க்கிறமே, அது?

புளியிலும் கொன்றையிலும் இல்லை. அகத்தியிலும் கிளிசறியாவிலும் மண்ணை வளப்படுத்த விதைக்கும் சணலிலும் உண்டு. குடும்பத்தில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2018 இல் பல தாவரங்களின் பரம்பரையலகுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வுகள், சிறுகணு இல்லாத உறவுகள் பலவற்றில் சிறுகணுவைத் தொடக்கிவைக்கும் முதன்மைப் பரம்பரையலகு அழிந்தோ சிதைந்தோ போயிருப்பதைக் காட்டின. அதாவது பல வம்சங்கள் ஒருகாலத்தில் இருந்ததைக் கைவிட்டிருக்கின்றன. செலவு பற்றி மேலே எழுதியதை நினைத்தால், நைதரசன் போதிய இடத்தில் வாழ்ந்த வம்சத்துக்கு அது நட்டமாகவே இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

பூவரசு அவரைக் குடும்பமே அல்ல; செவ்வரத்தையின் உறவு. அதன் குழையைத் தாழ்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அது மண்ணிலிருந்து எடுத்த நைதரசனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறது. சணலும் கிளிசறியாவும் காற்றிலிருந்து புதிதாகக் கொண்டுவருகின்றன.

பயறு ஒருபோகம் போட்டால் அடுத்த வெங்காயத்துக்கு யூரியா மிச்சமோ?

எதை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உயிரோடிருக்கும் சிறுகணு மண்ணுக்குக் கசியவிடுவது மிகச் சிறிது. பிடித்த நைதரசன் செடிக்குள்ளேயே ஏறிவிடுகிறது. காய் முற்றும்போது இலையிலும் தண்டிலும் இருந்ததில் பெரும் பகுதி விதைக்குப் போகிறது; சர்க்கரையும் காய்க்கே போவதால் சிறுகணுக்கள் பச்சையாகி அழிகின்றன. பயறு விதையில் ஏறத்தாழ 24 சதவீதம் புரதம். நைதரசனாகக் கணக்கிட்டால் நூறு கிலோவில் சுமார் 3.8 கிலோ. பரப்புக்கு 25 கிலோ விளைந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ நைதரசன் சாக்கில் ஏறிவிடும். கொடியையும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டால், மண்ணுக்கு மிஞ்சுவது வேர் மட்டுமே.

மண்ணை வளப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், மஞ்சள் பூப் பூக்கத் தொடங்கும் சணலை அந்தப் பருவத்திலேயே மடக்கி உழ வேண்டும். விதை வைக்கவிட்டால் நைதரசனும் விதைக்குள் போய்விடும், தண்டும் நாராகி உக்கச் சுணங்கும். பயறில் காயை மட்டும் ஆய்ந்துவிட்டுக் கொடியை அங்கேயே கிண்டிவிட்டால் ஓரளவு யூரியாவைக் குறைக்கலாம். முழுதாக நிறுத்தலாம் என்று நான் எவருக்கும் சொல்வதில்லை.

நெல்லுக்கும் இப்பிடி முடிச்சு வரப் பண்ணினால் யூரியாப் பிரச்சினையே முடிஞ்சிடுமே, ஏன் இன்னும் செய்யேல்லை?

முயற்சி நடக்கிறது. ஊக்கம் தரும் செய்தி என்னவென்றால், நெல்லிடம் பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான நிலத்தாவரங்களின் வேரில் பொசுபரசைத் தேடிக்கொடுக்கும் பூஞ்சணங்கள் குடியிருக்கின்றன. நெல்லிலும் அவை உண்டு. அந்தப் பூஞ்சணத்தை வரவேற்கும்போதும் வேர்க்கலத்தின் கருவில் அதே கல்சிய அலைதான் எழுகிறது, அதே புரதங்கள்தான் அதை வாசிக்கின்றன. அவரைக் குடும்பம் அந்தப் பழைய பாதையை எடுத்துத்தான் பற்றீரியாவுக்கு வழி செய்திருக்கிறது.

மீதிப் பாதி கடினமானது. சிறுகணுக் காரணியை அடையாளம் காணும் வாங்கி, உள்ளே சிறுகணுவைக் கட்டும் ஏற்பாடு, ஒட்சிசனை அளந்து கொடுக்கும் படை, லெக்ஈமோகுளோபின் ஆகிய எல்லாம் சேர்ந்து வர வேண்டும். அவை வந்தபின்னும் வேலை முடியாது. எத்தனை சிறுகணு போதும் என்று இலை அறிய வேண்டும். மண்ணில் நைத்திரேற்று இருக்கும்போது கதவை மூட வேண்டும். உழைக்காத பற்றீரியாவுக்கு ஒட்சிசனைக் குறைக்க வேண்டும். இவை இல்லாமல் முடிச்சை மட்டும் பெற்ற நெல், 1985 இன் சோயா விகாரியைப்போல வேர் முழுக்க முடிச்சோடும் கதிரில் மணியில்லாமலும் நிற்கும்.